அண்ணன் ஊதிக் காட்டியது

எங்கள் அண்ணன் செட்டியார்பட்டியில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, பத்தாவதோடு படிப்பை விட்டு லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டி, ஒரு கல்லூரிக்குப் பேருந்து ஓட்டினார். கணவரை இழந்து பையும் கையுமாக வாசலில் நின்ற என்னை, "ஏட்டி, என்ன பாக்க? ஒன் வீடுதான், உள்ள வா" என்று அழைத்தவர். சாராயத்தைத் தொட மாட்டார் என்று அவரைக் கேலி செய்யாத மச்சான்மார் இல்லை.

அந்த வீட்டில்தான் அவரை நான் பூட்டி வைத்தேன். அண்ணனுக்காகப் போடும் இந்த நினைவு மலரில் இதை எழுத வேண்டாம் என்றார் மதினி. எழுதாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும்.

சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொல்லி மதினி கெஞ்சும்போதெல்லாம், "பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும்" என்று கிராம்பைக் கடித்துக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர், மதியம் தள்ளாடிக்கொண்டு வந்தார். நாக்கு குழறியது. தெருவே பார்த்தது. மதினி ராஜபாளையத்தில் தாய்வீட்டில் இருந்தார். "எம்புட்டு குடிச்சிருக்க? மானத்த வாங்காதண்ணே!" என்று கத்தி, அறைக்குள் தள்ளி வெளியே பூட்டினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தில் ஊதினார். கெட்ட நாற்றம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பத் திரும்ப ஊதினார். "குடிகாரச் சேட்டையப் பாருங்க" என்று எதிர்வீட்டாரிடம் வேறு சொன்னேன், பாவி.

சாயங்காலம் மதினி வந்து திறந்தபோது அண்ணனுக்கு வலிப்பு. ராஜபாளையத்துக்கும் அங்கிருந்து மதுரைக்கும் ஓடினோம். "எல்லார் வாயிலயும் சும்மா கிடக்குற கிருமிதாம்மா. எப்பவோ யாரோ ஒருத்தருக்குத்தான் இப்படிப் பல் வழியா ரத்தத்துல ஏறி, மூளையில சீழ் கட்டும்" என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்குப் பின் இருபது நாள் இருந்தார். காது கேட்டது; பேச்சு வரவில்லை. என்னைக் கண்டால் மட்டும் ஊதினார். பார்க்க வந்த சக ஓட்டுநர் ஒருவர்தான் சொன்னார்: "தெனம் வண்டி எடுக்குமுன்ன காலேஜ் கேட்ல மிஷின்ல ஊதிக் காட்டணும்லா, தங்கச்சி. அதான், தான் குடிக்கலன்னு ஒங்ககிட்ட சொல்லுதாவ."

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நீ குடிக்கலண்ணே, எனக்குத் தெரியும்" என்று காதில் சொன்னேன். அதன் பிறகு அவர் ஊதவில்லை. மறுவாரம் போய்விட்டார்.

அண்ணனை ஆட்டோவில் தூக்கி ஏற்றிய எதிர்வீட்டாருக்கும், ரத்தம் தந்த ஓட்டுநர்களுக்கும், பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும் எங்கள் கும்பிடு. உங்களிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன். அன்று நான் சொன்னதை நம்பி நாலு பேரிடம் சொன்னவர்கள், அந்த நாலு பேரிடமும் இந்த மலரைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எங்கள் அண்ணன் குடிக்கவில்லை.