லயத்து வைஃபைக்கு வைத்த பெரட்டு

எங்கள் வீட்டு வைஃபையின் இரகசிய எண்ணை லயத்துச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்தது நான்தான். எட்டு இலக்கம். எழுத்து எனக்குத் தடுமாறும், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இலக்கம் தடுமாறாது. முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதவள் நான்.

நமுனுகுல மலைப் பக்கம் எங்கள் தோட்டம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டுக் காம்பரா, வீட்டுக்கு ஒன்று, உள்ள லயம். ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். பக்கத்தில் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். கொழும்பில் வேலை செய்யும் என் மகன் போன வருடம் ரவுட்டர் பெட்டியைக் கொண்டு வந்து, டவர் தெரிகிற ஜன்னலில் வைத்துவிட்டுப் போனான். மருமகளுடைய வேலைக்காக வாங்கியது அது. வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணினி வழியாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு கம்பெனியில் அவள் சேர்ந்திருந்தாள். பின்நேரம் ஆறரைக்கு வகுப்பு.

பெட்டி வந்த வாரமே ஆட்கள் எண்ணைக் கேட்டு வாசலில் வந்து நின்றார்கள். உப்புக்கு வந்து நிற்பவரைக்கூட எங்கள் லயத்தில் யாரும் காக்க வைப்பதில்லை. கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. கேட்காமலே எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் சுவரில் எழுதினேன்.

ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வகுப்பு நடுவில் நிற்கத் தொடங்கியது. இவள் பேசிக்கொண்டே இருப்பாள், அங்கே பிள்ளைகளுக்கு இவள் வாய் திறந்தபடி சிலை மாதிரித் தெரிவாளாம். இரண்டு தாய்மார் முறைப்பாடு செய்துவிட்டார்கள். இந்த மாதம் இன்னொன்று வந்தால் வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். மருமகள் குரலை உயர்த்தாமல் அடுப்படியில் வைத்து அதைச் சொன்னாள்.

"மாமி, நம்பர மாத்திருவோம். வேற வழியில்ல."

"குடுத்தத நான் பிடுங்க மாட்டேன்."

"அப்ப என் வேலைய அவங்க பிடுங்குவாங்க."

சோற்றை வடித்துவிட்டு மகனுக்குப் போன் எடுத்தேன். அவன் எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னான்: "யாருகிட்டயும் பிடுங்க வேணாம்மா. ஒவ்வொரு போனுக்கும் இவ்வளவுதான்னு அந்தப் பெட்டிக்குள்ளயே எல்லை வைக்கலாம். கணினிக்கு மட்டும் எல்லை வைக்காம விட்டா வகுப்பு நிக்காது."

அதை எப்படித் திறப்பது என்று மருமகளுக்கும் சொல்லிக் கொடுத்தான். திறந்தால் ஒரு பட்டியல். அதில் பதிமூன்று வரி. ஒன்றிலாவது ஆள் பெயர் இல்லை. எல்லாம் போன் கம்பெனிக்காரன் போட்ட எழுத்தும் இலக்கமும். அளவு வைப்பது சுலபம், எது யாருடையது என்று தெரிந்தால்தானே வைக்கலாம்?

"பெரட்டு வைப்போம்" என்றேன்.

காலையில் வேலைக்குப் போகும் முன் கங்காணி எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. வந்தவருக்கு அன்றைக்குப் பெயர் விழும், அதை வைத்துத்தான் நாள் கூலி. ஆளுக்கு நடக்கிறது போனுக்கு நடக்காதா?

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஏழு காம்பராக்காரர்களும் போனோடு வாசலில் நின்றார்கள். மருமகள் படியில் உட்கார்ந்து கணினியை மடியில் வைத்திருந்தாள். அடுத்த வீட்டுக்காரி என்னோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள். வாய், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி மாதிரி.

"என்னக்கா, பென்ஷன் வாங்குன பொறகு கங்காணி வேலையா?"

"ஆமா. ஒன் பேரத்தான் மொதல்ல கூப்பிடப் போறேன், நேரா நில்லு."

பிறகு எல்லாரிடமும் விஷயத்தைச் சொன்னேன். "இவ வகுப்பு நின்னு நின்னு போகுது. இன்னொரு தடவ நின்னா வேலை இல்ல. அதனால ஒவ்வொரு போனுக்கும் அளவு வைக்கிறோம். பேசலாம், மெசேஜ் போடலாம், பிள்ளைங்க பாடம் எடுக்கலாம். படம் பாத்தா சுத்தும்."

"அப்ப எங்களுக்கெல்லாம் அரைப்பேரா?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

கொழுந்து நிறை குறைந்தால் முழு நாள் நின்றவளுக்கும் பாதி நாள் கூலிதான் போடுவார்கள். அதுதான் அரைப்பேர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது குத்தியது.

முதலில் எல்லாரும் வைஃபையை அணைக்க வேண்டும். அணைத்தால் பட்டியலில் எங்கள் கணினி ஒன்றுதான் மிஞ்ச வேண்டும். பிறகு ஒவ்வொரு வீடாகத் திரும்பப் போட, எந்த வரி வருகிறதோ அதற்குப் பெயர் வைப்பது. எல்லாரும் அணைத்தார்கள். மருமகள் தலையை நிமிர்த்தினாள்.

"மாமி, இன்னும் ஒண்ணு ஓடுது. எல்லாத்தயும் விட இதுதான் கூட இழுக்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு அணைக்காம நிக்கிறது? மரியாதையா சொல்லுங்க." சொல்லும்போது என் கண் கடைசிக் காம்பராப் பையனிடம்தான் போனது. எந்நேரமும் கிரிக்கெட் பார்ப்பவன்.

"என்னைய ஏன் பெரியம்மா பாக்குறீங்க? இந்தாங்க, நீங்களே பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். அணைந்திருந்தது. விடவில்லை, ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்தேன். எல்லாம் அணைந்துதான் இருந்தன. அப்போதுதான் எங்கள் அடுப்படியிலிருந்து ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது.

அது நாடகம். மகன் என்னுடன் முகம் பார்த்துப் பேச வாங்கிக் கொடுத்த டெப்பில், போனை விடப் பெரிய அந்தத் திரையில், ஓடிக்கொண்டிருந்தது. விடியும்போது அதை அரிசி வாளி மேல் வைத்துப் போட்டுவிடுவேன். ஒரு நாள் கதை முடிந்தால் மறுநாள் கதை தானாக வரும். நான் மரக்கறித் தோட்டத்தில் களை பிடுங்கினாலும், ஆட்டுக்குப் புல் அறுக்கப் போனாலும், வகுப்பு நேரத்திலும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"கங்காணியம்மா, இந்தப் பேர யாருக்குப் போடுறது?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

லயமே சிரித்தது. மருமகள் கணினிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. நான் சிரித்ததாக நினைவில்லை.

"எனக்குப் போடு," என்றேன். "அவங்களுக்கு அரைன்னா எனக்குக் கால் போடு."

"வேணாம் மாமி. டெப்ப அணைச்சு வச்சாலே போதும். எல்லாருக்கும் ஒரே அளவா வச்சிருவோம்."

"கால்னு சொன்னேன்."

போட்டாள். அதன் பிறகு அடுத்த வீட்டுக்காரி அரைப்பேர் என்று வாயைத் திறக்கவில்லை. முதலாம் காம்பராவில் தொடங்கி எல்லாருக்கும் பெயரும் அளவும் வைத்து முடிக்கப் பத்து மணியானது. நடுவில் அவளே எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தாள். எனக்குத் தந்ததில் சீனி கொஞ்சம் கூடுதல்.

மறுநாள் ஆறரைக்கு வகுப்பு தொடங்கியது. டெப்பை அணைத்துவிட்டு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் விடை சொல்வது திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல்.

"அக்கா, சுத்துது!"

"சுத்தட்டும்!"

ஏழரை மணி வரை வகுப்பு நிற்கவில்லை. அந்த மாதம் முறைப்பாடு வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. வகுப்பு இவளிடமே இருக்கிறது. இப்போது சனிக்கிழமைக்கும் ஒரு வகுப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

டெப்பில் மகன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து வருவதைப் பார்த்து, என் அளவைக் கூட்டிவிடவா என்று மருமகள் இரண்டு முறை கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏழு வீட்டுக்கு முன்னால் சொன்ன அளவு அது. படத்தை அணைத்துவிட்டு அவனோடு பேசுகிறேன். சாப்பிட்டானா, இருமல் விட்டதா என்று கேட்கக் குரல் போதும்.