மதராசி என்றொரு மொழி

வெளிமாநில ஊரான கட்கியில் லோக்கல் ரயில் ஏறியவர் என் எதிரே உட்கார்ந்தார். தொழிற்சாலைச் சீருடை, தடித்த கண்ணாடி. செல்பேசியில் ஒரு கல்லூரியின் போன வருடக் கட்-ஆஃபைப் பார்ப்பார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார், அதற்குள் குறைந்திருக்கும் என்பதுபோல.

நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டு என்னிடம் பேச்சுக் கொடுத்தார். மகளுக்குப் பொறியியல் படிக்க ஆசை. பொதுப் பிரிவில் இடம் கிடைக்காது. அந்தக் கல்லூரி தமிழர்கள் நடத்துவது; தாய்மொழி தமிழான பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் உண்டு. அதற்கு அவள் மதிப்பெண் போதும்.

"அப்புறமென்ன?"

"ஸ்கூல் சர்டிஃபிகேட்ல தாய்மொழி மதராசின்னு இருக்கு சார். சேர்க்கும்போது கிளார்க் 'மாத்ருபாஷா?'ன்னான். நான்தான் சொன்னேன். இங்க எல்லாரும் நம்மள அப்படித்தானே கூப்பிடறாங்க."

"திருத்தித் தரமாட்டாங்களா?"

"காலேஜ்ல, அப்படியொரு பாஷையே இல்லைங்கிறான். ஸ்கூல்ல, நீதானே சொன்னேங்கிறான். நாளைக்குக் கடைசி நாள். படிச்சவரு சொல்லுங்க, சான்ஸ் இருக்கா?"

"பொண்ணையே தமிழ்ல பேசவெச்சுக் காட்டுங்களேன்."

கண்ணாடியைக் கழற்றினார்.

"அது இன்னும் டேஞ்சர் சார். வீட்டுல நாங்க தமிழ்ல கேட்டா, அவ ஹிந்திலதான் பதில் சொல்லுவா."

ஆகுர்டியில் இறங்கிப் போய்விட்டார். அந்தக் கல்லூரி இடம் அவர் மகளுக்கு உரியதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கிடைத்திருந்தால் நல்லது என்று மட்டும் தோன்றுகிறது.