சான்று கேட்காத கவுண்டர்

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் தினமும் அற்புதம் நடக்கும். காலையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போனவர்கள் சாயங்காலம் அதைத் தள்ளிக்கொண்டு நடந்து வருவார்கள். கடைசி ரைடைப் பிடிக்க நாற்காலியை நடுவழியில் போட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு.

"ஊர்ல இருக்கிற ஆஸ்பத்திரியை எல்லாம் இழுத்து மூடிட்டு, எல்லாரையும் இங்க அனுப்பிடலாம்கா" என்பாள் துப்புரவுக்காரி.

"அனுப்பலாம். நாற்காலிதான் பத்தாது" என்பாள் நாற்காலியக்கா.

பதினோரு வருஷமாக அவளுக்கு அங்கே வேலை. முதல் அஞ்சு வருஷம் தொப்பிக் கடையில், அதன் பிறகு சக்கர நாற்காலி கொடுக்கும் இந்தக் கவுண்டரில். முன்வாசலுக்கு இடப்பக்கம், கழிவறைக்குப் போகும் வழியில், இருபத்தாறு நாற்காலிகள். காலையில் வந்ததும் ஒவ்வொன்றின் இருக்கையையும் ஈரத் துணியால் துடைப்பாள், பிரேக்கை அழுத்திப் பார்ப்பாள், கால் வைக்கும் தட்டை நிமிர்த்தி விடுவாள். சாயங்காலம் திரும்பி வரும்போது அவற்றில் ஐஸ்கிரீம் வழிந்திருக்கும், நனைந்த சாக்ஸ் கிடக்கும். ஒரு தடவை யாரோ ஒரு குழந்தையின் டயப்பரை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். "காலி பண்ற வாடகை வீட்டைக்கூட இதைவிட ஒழுங்கா விட்டுட்டுப் போவாங்க" என்று சொல்லிக்கொண்டே கையுறையைத் தேடினாள்.

நாற்காலி முக்கியமில்லை. அதோடு கையில் கட்டிவிடும் மஞ்சள் பட்டைதான் முக்கியம். பட்டை கட்டியவரும் கூட வந்த ஐந்து பேரும் எந்த ரைடிலும் வரிசையில் நிற்காமல் பக்கவாசல் வழியாகப் போகலாம். ஒன்றரை மணி நேர வரிசைக்குப் பதில் பத்து நிமிஷம்.

அதைத் தருவதற்கு முன் அவள் கேட்பது ஒரே கேள்வி. "எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்ன பதில் வந்தாலும் பட்டை உண்டு. சான்றிதழ் கேட்பதில்லை. யார் பொய் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பொய்க்காரர்கள் நோயை விளக்கமாகச் சொல்வார்கள். நிஜமாக முடியாதவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு "கொஞ்ச தூரம்தாங்க" என்பார்கள்.

"தெரிஞ்சும் குடுக்கிறீங்களேக்கா?"

"பத்துப் பொய்யனுக்குக் குடுத்தா பூங்காவுக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது. நிஜமான ஒரு ஆளை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டுட்டா, அதை நான் எங்க கொண்டு போய்க் கழுவறது?"

இந்தப் பேச்சுக்குப் பின்னால் அவள் புருஷன் இருந்தார். லேத் பட்டறையில் வேலை செய்தவர். தூண் மாதிரி கை, அகலமான தோள். இதயத்தில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. ஆறி எழுந்தபின் வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியவில்லை. ரொம்ப நேரம் நிற்கக்கூடாது என்று மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஊழியர் குடும்பங்களுக்குக் கொடுக்கும் இலவசச் சீட்டில், அவரையும் அவர் தங்கையையும் கூட்டிக்கொண்டு இதே பூங்காவுக்கு வந்தாள். வரிசையில் அரைமணி நேரம் ஆனதும் அவருக்கு உதடு வெளுத்தது. பக்கவாசல் வழியாக விடச் சொல்லி வாசல்காரனிடம் கேட்டாள்.

பின்னால் நின்ற ஒருவர், எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆளைப் பாரு, கல்லு மாதிரி இருக்கார். இவருக்கு நோயாம்" என்றார்.

வாசல்காரன் கெட்டவன் இல்லை. சட்டப்படி கேட்டான். "சர்டிபிகேட் இருக்காம்மா?"

அது வீட்டு அலமாரியில் இருந்தது. அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, தொண்டைக்குக் கீழே ஆரம்பித்து வயிறு வரை இறங்கும் தையலை வரிசைக்குக் காட்டிக்கொண்டு நின்றார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு குழந்தை மட்டும், "அப்பா, அந்த மாமாவுக்கு ஏன் ஜிப் வெச்சிருக்கு?" என்று கேட்டது.

திரும்பப் பொத்தான் போட அவர் விரல்களுக்கு முடியவில்லை. தங்கைதான் அழுதுகொண்டே போட்டுவிட்டாள். ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுவிட்டாள். அந்தக் கோணல் சட்டையோடுதான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். அந்த இரண்டு வருஷமும் எந்த வரிசையிலும் நிற்கவில்லை. ரொட்டி வாங்கக்கூட அவளைத்தான் அனுப்பினார்.

அவர் போனபின் இந்தக் கவுண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சான்றிதழ் கேட்கும் வழக்கத்தை எடுக்கச் சொல்லி மூன்று மேனேஜர்களிடம் மன்றாடினாள். நாலாவது ஆள் ஒத்துக்கொண்டார். "ஆறு மாசம் பார்ப்போம். ஆனா பொய் சொல்லித்தான் வாங்கினாங்கன்னு ஆதாரத்தோட ஒரே ஒரு புகார் வந்தாலும் பழையபடி சர்டிபிகேட்தான். தாண்டிட்டா நிரந்தரம்."

பின்வாசல் கவுண்டருக்கு ஒரு பெரியவரைப் போட்டார்கள். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். "முப்பது வருஷம் யாரையும் நம்பாம இருக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. இப்ப நம்பச் சொல்றீங்க" என்றார்.

"ஒரு மனுஷன் வரிசையில சட்டையைக் கழட்டிக் காட்ட வேண்டி வந்துச்சு சார். இனிமே இங்க யாரும் கழட்டக் கூடாது. அவ்வளவுதான்" என்றாள். அந்த மனுஷன் யார் என்று சொல்லவில்லை. பெரியவர் ஒரு வாரத்தில் அவளைவிட இளகிப் போனார்.

ஐந்தரை மாதம் ஓடிவிட்டது. இரண்டு வாரம்தான் பாக்கி.

அப்போதுதான் நாத்தனார் போன் செய்தாள். அன்று பொத்தான் போட்டுவிட்ட அதே தங்கை. மகனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டாரோடு ஞாயிற்றுக்கிழமை ஜாலியாக வெளியே போக ஏற்பாடு.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்குமா?"

"ஞாயித்துக்கிழமையில கூட்டம் இல்லாம வேற எப்ப இருக்கும்? ஒன்பது மணிக்கே வந்துடு. நாலு ரைடு நிம்மதியா போகலாம். இங்க பாரு, பட்டை கிட்டைன்னு என்கிட்ட கேட்டுடாதே. ரெண்டு வாரம்தான் இருக்கு. இது நிலைச்சிடணும்."

"ஐயோ, நானா அண்ணி? எங்கண்ணன் பட்ட அவமானத்தைக் கண்ணால பார்த்தவ நான். உங்ககிட்ட வந்து கேப்பேனா?"

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. அவர்களைக் காணோம். தெருவில் நெரிசல் போலிருக்கிறது என்று நினைத்து, அவர்களுக்காக வாங்கி வைத்த ஆறு தண்ணீர் பாட்டில்களை நிழலுக்கு நகர்த்தி வைத்தாள். பன்னிரண்டரைக்கு மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அருவிப் படகு பக்கத்துப் படக்கடைக்கு வரச் சொன்னார்.

அருவிப் படகு உச்சியிலிருந்து விழும்போது ஒரு கேமரா எல்லோரையும் படம் எடுக்கும். இறங்கி வந்தால் திரையில் பார்த்து, வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம். திரைக்கு முன் மேனேஜர் நின்றார். பக்கத்தில் ஒருவர், ஏழெட்டு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. குழந்தையின் இரண்டு கால்களிலும் இரும்புச் சட்டம் கட்டியிருந்தது.

"நான் சண்டைக்கு வரலைம்மா" என்றார் அவர். "பக்கவாசல்ல நாப்பது நிமிஷம் இவளை நிக்க வெச்சுட்டோம். முன்னாடி போன கூட்டத்துல பட்டை கட்டினவர் குதிச்சு ஏறினார். 'கொஞ்சம் எங்களை முன்னாடி விடுறீங்களா'ன்னு கேட்டேன். 'எல்லாரும் பட்டைதானே சார்'னு சிரிச்சார். அதான் மனசு கேக்கலை. அந்தா, அவர்தான்."

திரையில் முன் இருக்கையில் நாத்தனாரின் புருஷன். இரண்டு கைகளும் வானத்தில், அருவியையே குடித்துவிடுவது போலத் திறந்த வாய். வலது மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. பக்கத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நாத்தனார்.

மேனேஜர் நியாயமான ஆள். "கையைத் தூக்கினா நோயில்லைன்னு ஆயிடாது. ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? இவருக்கு நிஜமாவே ஏதாவது இருந்தா இது ஆதாரமே இல்லை. பின்வாசல்ல குடுத்த பட்டை. உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆறு வருஷம் கேட்டு வாங்கியது கையை விட்டுப் போகாது.

"பத்து நிமிஷம் குடுங்க சார்" என்றாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நீள மேசையில் ஆறு பேரும் இருந்தார்கள். மேசை ஓரத்தில் பின்வாசல் நாற்காலி. அதன்மேல் மூன்று பைகள், ஈரத் துண்டு. கால் தட்டில் நாத்தனார் புருஷனின் ஷூக்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவளைக் கண்டதும் அவர் வலது கையை மேசைக்கு அடியில் இறக்கினார்.

நாத்தனாருக்கு முகம் ஒரு நொடி விழுந்தது, உடனே எழுந்துகொண்டது. "அண்ணி! வாங்க வாங்க. இவங்கதான் நான் சொன்ன அண்ணி. இங்க எல்லாம் இவங்கதான்."

பெண்ணின் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "உங்க புண்ணியத்துல ஒரு வரிசையிலயும் நிக்கலைங்க. நீங்கதான் சொல்லி வெச்சிருக்கீங்கன்னு சம்பந்தி சொன்னாங்க."

நாற்காலியக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தட்டைப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு கேக்கலாமா?" பெண்ணின் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பின்வாசல் பெரியவர் தண்ணி எடுத்துட்டுப் பின்னாடியே ஓடி வந்தாருங்க. 'தையல் போட்ட இடம் வலிக்குதா சார், தொண்டையிலேருந்து வயிறு வரைக்கும்னு சொன்னாங்களே'ன்னு கேட்டார். சட்டையைக் கழட்டிக் காட்டச் சொல்லட்டுமான்னு நம்ம சம்பந்தி அழுதாங்களாம். அந்தப் பெரியவருக்கே கண்ணு கலங்கிடுச்சு. குடும்பத்துல இதய நோய் இருக்கான்னு நாங்க முதல்லயே கேட்டோம். இல்லைன்னாங்க. பொண்ணைக் குடுக்கிற இடம், மனசு அடிச்சுக்குது. நீங்களாவது சொல்லுங்க."

நாத்தனார் இப்போது நிமிர்ந்து அவளையே பார்த்தாள். அன்று பொத்தான் போட்டபோது அழுத அதே கண்கள்.

"அவருக்கு ஒரு நோயும் இல்லைங்க" என்றாள் நாற்காலியக்கா. "கல்லு மாதிரி இருக்கார். தையல் என் வீட்டுக்காரருக்கு. அவர் போய் ஆறு வருஷமாச்சு. பயப்படாம பொண்ணைக் குடுங்க."

இடுப்புப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். "அண்ணே, கையைக் குடுங்க." அவர் குழந்தையைப் போல நீட்டினார். பட்டையை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். ஷூக்களையும் ஜோடி சேர்த்து வைத்தாள்.

கூடத்து வாசலில் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டீங்களே அண்ணி. ஒரு நாள்தானே? பெரிய இடத்து ஆளுங்க, வெயில்ல நிக்க வெச்சா என்ன நினைப்பாங்க? ஊரே பண்ணுது. எங்கண்ணன் இருந்திருந்தா எனக்காக அவரே ஒரு பொய் சொல்லியிருப்பார்."

"சொல்லியிருப்பார்தான்."

"அப்புறம் என்ன?"

"அப்ப முன்வாசலுக்கே வந்து அவர் கதையை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஏன் பின்வாசலுக்குப் போனே?"

என்கிட்ட கேட்காதே என்றதற்கு நாத்தனார் கேட்கவில்லைதான். அந்த ஒரு வார்த்தையை அவள் காப்பாற்றியிருந்தாள்.

நாற்காலியக்கா படக்கடைக்குத் திரும்பினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த அப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார். "தெரியும் சார்" என்றாள் மேனேஜரிடம். "என் நாத்தனார் வீட்டுக்காரர். உடம்புக்கு ஒண்ணும் கிடையாது. பொய் சொல்லித்தான் வாங்கியிருக்காங்க."

மேனேஜர் திரையிலிருந்து திரும்பினார். "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

மறுநாள் இரண்டு கவுண்டரிலும் 'சான்றிதழ் கட்டாயம்' என்ற பலகை வந்துவிட்டது. பெரியவர் அதைப் படித்துவிட்டு, "முப்பது வருஷத்துல என்னை யாரும் ஏமாத்தினதில்லைம்மா" என்றார். அந்த மாதத்தோடு நின்றுவிட்டார்.

சம்பந்தம் நிற்கவில்லை. கல்யாணத்துக்குப் போனாள், சாப்பிட்டாள், வந்தாள். பிறகு ஒரு தடவை நாத்தனார் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் அந்த அருவிப் படகுப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். மேல்பக்கத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள். தூக்கிய கைகள் மணிக்கட்டுக்குக் கீழேயே முடிந்தன. "அன்னைக்கு எவ்வளவு ஜாலியா இருந்தோம் இல்லே அண்ணி?" என்றாள் நாத்தனார். "படம் நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள்.

கவுண்டரில் இப்போது இரண்டாவது கேள்வியும் கேட்கிறாள். பெரும்பாலானவர்கள் கோபப்படுவதில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்ட காகிதத்தைத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் ஒருவர் வந்தார். உயரமான ஆள், நல்ல உடம்பு. எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்றதற்குத் தரையைப் பார்த்து, "கொஞ்ச தூரம்தாங்க" என்றார். சான்றிதழ் கேட்டாள். மனைவி பையைக் கிளறினாள், நிறுத்தினாள். "வீட்ல அலமாரில இருக்குங்க."

"நாற்காலியை எடுத்துட்டுப் போங்க" என்றாள். "அதுக்கு எதுவும் வேண்டாம். பட்டைதான் குடுக்க முடியாது."

"பரவாயில்லைம்மா, ரொம்ப நன்றி" என்றார் அவர், நிஜமாகவே.

கவுண்டரிலிருந்து பார்த்தால் அருவிப் படகின் வரிசை தெரியும். வெயிலில் அந்த நாற்காலி வரிசையோடு நகர்ந்தது. இரண்டடி நகரும், நிற்கும். ஒவ்வொரு தடவையும் மனைவி பிரேக்கைப் போட்டாள், எடுத்தாள். பின்னால் நின்ற ஒருவர் பக்கத்து ஆளின் தோளில் தட்டி, நாற்காலியைக் காட்டி என்னவோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். இவ்வளவு தூரத்தில் எதுவும் காதில் விழவில்லை. அடுத்த ஆள் வந்து நின்றார்.

"எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்று கேட்டாள்.