பிடிமண் கொண்டுவந்தவளின் பெயர்

எங்கள் குலதெய்வக் கோயிலில் வைப்பதற்காகப் பங்காளிகள் ஒரு கருங்கல் பலகை வாங்கினார்கள். அதில் வம்ச வரிசையை வெட்டுவதாக முடிவு. எனக்கு அண்ணன் முறையான பெரியப்பா மகன்தான் கோயில் கமிட்டிக்குத் தலைவன். கல்லில் வரப்போவதன் மாதிரியை ஆரப்பாளையத்தில் ஃப்ளெக்ஸாக அடித்து, திருமங்கலத்தில் தன் உரக்கடை வாசலில் கட்டியிருந்தான்.

மேலே குறுக்காக இரண்டு வாள், நடுவில் ஒரு சிங்கம், கீழே ஒரு மரம். மரத்தில் கிளைக்கு ஒரு ஆம்பளை. ஆம்பளைக்கு ஆம்பளை பிறந்து, அந்த ஆம்பளைக்கு மேலும் ஆம்பளைகள் பிறந்து, எங்கள் வம்சத்தில் வயிறு என்ற ஒன்றே யாருக்கும் தேவைப்படவில்லை போலிருக்கிறது. யார் சுமந்து பெற்றது என்று கேட்டால் சிங்கத்தைக் காட்டுவார்கள்.

வாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் கூட்டத்தில் எவன் வாள் பிடித்தான்? பிடித்ததெல்லாம் கதிர் அரிவாள். அதுவும் அடுத்தவன் வயலில், அடுத்தவன் நெல்லுக்கு. இன்றைக்குக் கொஞ்சம் காசு பார்த்ததும் ஆண்ட பரம்பரை ஆகிவிட்டார்கள்.

எங்களை இந்தப் பக்கம் கொண்டுவந்தது ஒரு பொம்பளை. என் தாத்தாவைப் பெற்றவள், எனக்குப் பூட்டி. புருஷன் செத்த கையோடு, மழையில்லாமல் காய்ந்து கிடந்த ஊரிலிருந்து இரண்டு ஆண் பிள்ளைகளையும் நடத்திக் கூட்டி வந்தாள். வரும்போது குலதெய்வக் கோயிலில் ஒரு பிடி மண் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிழைக்கப் போகிற ஊருக்குச் சாமியையும் கூட்டிப்போக அப்படித்தான் பிடிமண் எடுப்பார்கள். ஆம்பளைகள் மேளதாளத்தோடு செய்கிற காரியம் அது. இவளுக்கு ஏது மேளம்? வந்த இடத்தில் களை எடுத்தாள், நாற்று நட்டாள், கல் சுமந்தாள். கடைசியில் ஒரு மானாவாரித் துண்டை வாங்கி, அதன் மூலையில் அந்த மண்ணைக் கொட்டி ஒரு கல்லை நட்டாள். இப்போது கோபுரம் எழுப்பி டைல்ஸ் ஒட்டி வைத்திருக்கிறார்களே, அந்த மூலைதான். இது எங்கள் பங்காளிகள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு ரவுண்டு உள்ளே போனால் அழுதுகொண்டே சொல்வார்கள்.

ஆனால் ஃப்ளெக்ஸில் முதல் பெயர் அவள் புருஷனுடையது. இந்த மண்ணை ஒரு நாள்கூட மிதிக்காமல் செத்துப்போனவர்.

"அண்ணே, பூட்டி பேரு எங்க?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சாப் போட மாட்டமா ஆத்தா? ஒரு பயலுக்கும் தெரியல. நீதான் படிச்சவ, ரிட்டயராகிச் சும்மாத்தான இருக்க. பேரக் கண்டுபிடிச்சுக் கொண்டா, முதல் வரியில அதப் போட்ருவோம். தை பொறந்ததும் கல்லு வெட்ட ஆளு வாராரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சும்மா இருக்கிறேனாம்! இவன் முகத்தில் அந்தப் பெயரைக் கொண்டுபோய் எறியாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அப்போது எனக்கிருந்தது வெறும் ஆத்திரம். பூட்டி மேல் பாசம் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி மகன் ஃபோனில் வழி சொன்னான். "அத்தை, இங்கெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தின சென்சஸே ஆன்லைன்ல இருக்கு. வீட்டுல யார் யாரு, என்ன வயசு, எல்லாம் வரும். அங்கேயும் கேட்டுப் பாருங்க." அவன் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருடைய கொள்ளுப்பாட்டி என்ன வேலை பார்த்தாள் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தன் கொள்ளுப்பாட்டியின் மாமியார் பெயர் தெரியாது. சரி, அவனைச் சொல்லி என்ன?

அரசாங்க அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்வதில் பிரயோசனமில்லை, எல்லாம் ஒன்றுதான். மேசையில் இருந்தவர் டீ குடித்து முடிக்கும்வரை என்னை நிறுத்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆள் பேரெல்லாம் யாருக்கும் காட்ட மாட்டாங்க மேடம். கூட்டல் கழித்தல் முடிஞ்சதும் அந்தத் தாளையெல்லாம் அழிச்சிருவாங்க. எண்ணிக்கைதான் புஸ்தகமா வரும். நீங்க எதுக்கு இத்தனை வருஷம் கழிச்சு?" அவர் சிரித்த சிரிப்பில், சொத்துத் தகராறு என்று முடிவு கட்டிவிட்டார் என்று தெரிந்தது.

எண்ணிக்கைதானே, அதையாவது பார்ப்போம் என்று ஒரு நூலகத்தில் பழைய தொகுதிகளைத் தேடி எடுத்தேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு புரட்ட வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் எதைத்தான் விட்டான்! பார்வையில்லாதவர்கள் எத்தனை பேர், புத்தி பேதலித்தவர்கள் எத்தனை பேர், எந்த வயதில் எத்தனை விதவைகள் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தான். அந்த விதவைக் கட்டத்தில் ஏதோ ஒரு எண்ணுக்குள் என் பூட்டி இருக்கிறாள். மாவட்டம் முழுக்க உள்ள தாலி அறுத்தவர்களைக் கூட்டிப்போட்டு அடிக்கோடு போட்டுவிட்டு, ஒருத்தி பெயரைக்கூட மிச்சம் வைக்காமல் தாளைக் கொளுத்திவிட்டார்கள். இதற்குப் பெயர் கணக்கெடுப்பாம். எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

எங்கள் ஆட்கள் மட்டும் ஒழுங்கா? கோயில் வரி நோட்டையும் பார்த்தேன். திருவிழாவுக்கு ஆம்பளை இருக்கும் வீட்டுக்கு முழு வரி, விதவை வீட்டுக்கு அரை வரி. பூட்டி கணக்கில், புருஷன் பெயரைப் போட்டுப் பக்கத்தில் 'பெண்சாதி, அரை' என்று எழுதியிருந்தது. வெள்ளைக்காரன் அவளை முழு ஆளாகவாவது எண்ணினான். இவர்கள், அவள் கொண்டுவந்த சாமிக்கே அவளை அரை ஆளாக்கிவிட்டார்கள்.

நான் குடியிருப்பது நாகமலை புதுக்கோட்டையில். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். கணக்கெடுப்பு வேலைக்கு ஊர் ஊராகப் போனவர். அந்தத் தாள்களில் எங்கேயாவது ஒரு பிரதி தப்பியிருக்காதா என்ற நப்பாசையில் அவரிடம் கேட்டேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தப்பியிருந்தாலும் அதுல என்னம்மா இருக்கும்? ஆம்பளையாளுகிட்டப் பொஞ்சாதி பேரக் கேட்டா நெளிவான். ஏதாச்சும் எழுதிக்கங்க சார்ம்பான். பொம்பளைகிட்டப் புருஷன் பேரக் கேட்டா, பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லும். வெயில்ல எம்புட்டு நேரம் நிக்கிறது? நாங்களே ஏதாச்சும் ஒரு சாமி பேரப் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவோம். எங்களுக்கு முந்திப் போனவங்களும் அப்படித்தான். பாதி ஊருக்கு நான்தாம்மா பேரு வச்சேன்!"

பெருமையாக வேறு சொல்கிறார். இவர்தான் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்தவர். பேனா இருக்கிற கையால் ஒருத்தியின் பெயரை அழித்துவிட்டு, அதைச் சாதனை மாதிரி சொல்லும் இந்தச் சிரிப்பை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். எழுந்து கிளம்பினேன். அவர் விடவில்லை.

"மாமியா பேர வச்ச சொந்தப் பிள்ளையவே பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாளுக. பேப்பரத் தூக்கிட்டு வந்த எங்ககிட்டயா சொல்லப் போறாளுக?"

கேட் அருகில் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வழக்கம் எனக்குத் தெரியாதா? ஒரு வீட்டில் பிறக்கும் முதல் பெண் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரைத்தான் வைப்பார்கள். வைத்துவிட்டு, மாமியார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்று, அந்தப் பிள்ளையைப் பெற்றவளே வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடுவாள். அப்படியானால் என் தாத்தாவுக்குப் பிறந்த முதல் பெண்ணுக்குப் பூட்டி பெயர்தான் வைத்திருக்க வேண்டும். பூட்டியின் இன்னொரு மகனுக்குப் பிறந்ததெல்லாம் ஆண். ஆக, பெயர் ஒரே ஒரு ஆளிடம்தான் இருக்கிறது. என் அப்பாவுக்கு மூத்தவள், என் அத்தை. திருமங்கலத்தில், அண்ணனின் உரக்கடைக்கு இரண்டு தெரு தள்ளி மகன் வீட்டில் இருக்கிறாள். எண்பது வயது தாண்டிய அந்த மனுஷியை நாங்கள் எல்லோரும் 'குட்டி' என்போம். பங்காளிகளுக்குக் குட்டியக்கா, எங்களுக்குக் குட்டியத்தை. ரேஷன் கார்டிலும் குட்டியோடு ஒரு அம்மாளை ஒட்டி எழுதியிருக்கிறார்கள். அது பெயரில்லை என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

மறுநாளே இரண்டு பஸ் மாறிப் போனேன். அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் கொசு பேட்டோடு உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும் சத்தத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒன் நெசப் பேரு என்ன?"

டிவியை அமர்த்தினாள். "எதுக்கு மருமகளே? முதியோர் பென்சனுக்கா?"

கல் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. கட்டிக் கொடுத்த பொம்பளை வேறு வீட்டு ஆளாம். போன திருவிழாவுக்குக்கூட அண்ணன் அவளுக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

"அந்தப் பேரா?" என்றாள். "எங்கப்பனுக்கு அது ஆத்தா பேரு. ஆத்தா பேரச் சொல்லி வாடி போடிங்க முடியுமா? அதனால அது கூப்பிடல. எங்காத்தாளுக்கு மாமியா பேரு, அதுவும் கூப்பிடல. தம்பிங்க அக்கான்னே காலத்த ஓட்டிட்டானுக. கட்டிட்டுப் போன எடத்துல அந்தாளுக்கு நான் 'இந்தாடி'. அம்புட்டுத்தான்."

"யாருமே கூப்பிட்டதில்லையா?"

"அவ கூப்பிடுவா. எங்கப்பனப் பெத்தவ. அவ பேரு, அவ கூப்பிட என்ன பயம்? தெருவுல நின்னு முழுப்பேரையும் சொல்லி, ஊருக்கே கேக்குற மாதிரி கூப்பிடுவா. எங்காத்தா காதப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிரும். எனக்குச் சிரிப்பா இருக்கும். அவ போனதுக்கப்பறம் ஒருத்தரும் கூப்பிடல மருமகளே."

பிறகு பெயரைச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் எனக்கிருந்தது ஆத்திரம் மட்டும்தான் என்றேனே, அது அங்கே முடிந்தது. பூட்டி எனக்கு ஆளாகத் தெரிந்தாள். மரியாதை, மரியாதை என்று சொல்லியே ஒருத்தியை இல்லாமலாக்கிய கூட்டத்தில் நானும் பிறந்திருக்கிறேன் என்று கூசியது. பெயரை இங்கே எழுத மாட்டேன். ஓசியில் படித்துத் தெரிந்துகொள்ள இது என்ன சினிமாக் கதையா?

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கணக்குப் போடும் மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தான். அவன் யோசித்தாலே எனக்குப் பயம்.

"பேரு கெடச்சது சந்தோசந்தான் ஆத்தா. ஆனா அத்தை இன்னும் இருக்குல்ல? அதே பேருக்காரி உசுரோட இருக்கையில, செத்தவுக வரிசையில அந்தப் பேர வெட்டுறது ஆகாது. நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? அது காலம் முடியட்டும், பாத்துக்குவோம். இப்போதைக்கு அவரு பேருக்குப் பக்கத்துல 'மனைவி'ன்னு வேணா போட்ருவோம்."

அடேயப்பா, அத்தை மேல் என்ன கரிசனம்! இரண்டு தெரு தள்ளி இருப்பவளை வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காதவனுக்கு அவள் ஆயுள் மேல் அக்கறை வந்துவிட்டது. பெயர் இல்லாதவரை பெயர் இல்லை என்றான். பெயர் கிடைத்ததும் சாஸ்திரம் கண்டுபிடித்தான். வாயில் வந்ததை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் கடையைவிட்டு இறங்கினேன். நேரே அத்தையிடம் போய் அத்தனையும் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு அவள், "கல்லு வெட்டுற அன்னிக்கு என்னயக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

தை பிறந்து கல் வெட்டும் நாளில் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். கோயில் வாசலில் பந்தல் போட்டு, பங்காளிகள் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். கல் வெட்டுபவர் பலகையில் கோடு போட்டு மெஷினைத் தயாராக வைத்திருந்தார். அத்தையைக் கண்டதும் அண்ணன் எழுந்து ஓடிவந்தான்.

"வாங்கத்தே. ஒங்க நல்லதுக்குத்தான் நாங்க..."

அவன் போட்ட நாற்காலியில் அத்தை உட்காரவில்லை.

"ஏண்டா மருமகனே, அந்தப் பேர வச்சு என்னய எவனாச்சும் ஒரு நா கூப்பிட்டிருக்கீகளா? ஒங்கப்பன் கூப்பிட்டானா? நீ கூப்பிட்டியா?"

அண்ணன் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.

"நான் செத்தா போஸ்டர்ல என்ன போடுவ? குட்டின்னுதான போடுவ? அப்பறம் அந்தப் பேரு எங்கிட்ட எங்கடா இருக்கு, எனக்கு ஆகாமப் போறதுக்கு? அது அவ பேரு. அவளுக்குக் குடு."

அண்ணன் மற்ற பங்காளிகளைப் பார்த்தான். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். கல் வெட்டுபவர் கேட்டார்: "பேரச் சொல்லுங்கண்ணே, அளவெடுக்கணும்."

"எழுதிக் குடுக்கிறேன்" என்று அண்ணன் முனகினான். சட்டைப்பையில் பேனாவைத் தேடினான்.

அத்தை அவனைக் கையால் ஒதுக்கிவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று பெயரைச் சொன்னாள். மெஷின் ஓட்டி ஓட்டிக் காது மந்தமான மனுஷன், "என்னது பாட்டி?" என்று திரும்பக் கேட்டார். அத்தை இன்னும் சத்தமாகச் சொன்னாள்.