வேலு என்று நான் சொன்ன மனிதர்

கோவிந்தனைச் சயாமுக்கு அனுப்பியது நான்தான்.

ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான் என்று செர்டாங் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி என் வாயிலிருந்து வந்தது. அதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. அவர் இப்போது இல்லை. ஆகவே, முகம் அறியாத உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியை. பள்ளி என்று ஒன்று இருந்தவரையில்! படை வந்தபின் கரும்பலகையை யாரோ அடுப்புக்கு எடுத்துப் போனார்கள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். அரிசி மறைந்தது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று எங்கள் கால்கள் வீங்கின. என் திருமணச் சேலையைக் கொடுத்தால் வடக்கே, அலோர் ஸ்டார் பக்கத்து மலாய்க் கம்பத்துக் கிராமங்களில் நெல் கிடைக்கும் என்று கேள்விப்பட்டோம். நானும் என் கணவர் வேலுவும் ஒரு லாரியில் ஏறினோம்.

அந்த லாரியின் உதவியாள்தான் கோவிந்தன். பெட்ரோல் இல்லாத காலம்; கரியைப் புகையவிட்டு ஓடுகிற லாரி. கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் கரியடுப்பை விசிற வேண்டும். அது அவருடைய வேலை. அதற்கு முன் ஆறு ஆண்டுகள் அவரும் என் கணவரும் பக்கத்துப் பக்கத்து ரப்பர் மர நிரையில் பால் வெட்டியவர்கள். பால் வாளியைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் தட்டினால், எங்கள் லயத்து வீட்டு வரிசையே எழுந்து வந்து உட்காரும். அப்படி ஒரு கை அவருக்கு. அவருடைய மனைவி அஞ்சலை, பிறந்து நாற்பது நாளான பெண் குழந்தையுடன் தோட்டத்தில் இருந்தாள்.

அவர் கையில் ஜப்பானிய எழுத்து எழுதிய துணிப்பட்டை ஒன்று கட்டியிருக்கும். அவர்களுக்குச் சரக்கு ஏற்றும் லாரியின் ஆள் என்பதற்கு அடையாளம். அந்தப் பட்டை உள்ளவனை யாரும் தொடமாட்டார்கள். ரயில் பாதை போடச் சயாமுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், அது ஒரு மனிதனின் உயிர்.

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அப்போதே அது நன்றாகத் தெரிந்திருந்தது.

சுங்கைப் பட்டாணியில் லாரி நின்றது. ஓட்டுநர் தம் உறவினர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். கடைத்தெருச் சுவரில் ஒரு தமிழ் அறிவிப்பு. அன்று பிற்பகல் படக்கொட்டகையில் இலவசக் கச்சேரி. கப்பல் நின்றுபோனதால் ஊர் திரும்ப முடியாமல் தங்கிவிட்ட நாடகக் கம்பெனியின் பாடகி பாடுகிறாள். வரும் தோட்டத்து ஆட்களுக்குப் பால் டின்னால் இரண்டு டின் அரிசி.

அறிவிப்பை உரக்கப் படித்தவள் நான். மூவரில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே!

“ஓசியில பாட்டு, ஓசியில அரிசி... ஜப்பான்காரன் எப்பலேர்ந்து மாமன் மச்சான் ஆனான்?” என்றார் கோவிந்தன்.

“பயந்தா வண்டியிலேயே உக்காருங்க அண்ணே. நான் போறேன்,” என்றேன்.

“நான் பயந்தேனா? நல்லா கேட்டீங்க போங்க, டீச்சரம்மா!”

அவருக்குள் ஆசை இருந்ததை நான் கண்டேன். எனக்கும்தான். இசைத்தட்டில் கேட்டதெல்லாம் கீறலோடு கேட்டது. ஒரு குரலை அதன் மூச்சோடு கேட்க வேண்டும் என்ற ஆசை... பசியைவிடப் பெரிய ஆசை! என் கணவருக்குப் பாட்டில் நாட்டமில்லை. அவர் சிரித்தார்.

“நீ போடா. உன் அடுப்ப நான் விசிறுறேன். பட்டைய மட்டும் குடுத்துட்டுப் போ. அது இல்லாம வண்டிகிட்ட நின்னா என்னை அள்ளிக்கிட்டுப் போயிடுவான்.”

கோவிந்தன் பட்டையை அவிழ்த்து, தம் கையாலேயே என் கணவரின் கையில் கட்டிவிட்டார். “என் பொண்டாட்டி பாத்தா, வேலு அண்ணனுக்குத்தான் பொருத்தமா இருக்குன்னு சொல்லுவா,” என்று கேலி வேறு.

கொட்டகை வாசலில் ஜப்பான்காரனின் எழுத்தரான ஒரு தமிழ்க் கிராணி தோட்டத்து ஆட்களிடம் பெயர் எழுதி வாங்கினார். கூட்டத்தோடு கோவிந்தன் உள்ளே போய்விட்டார். லாரி ஆட்களுக்குத் தனி ரேஷன் உண்டு என்பதால் அவர் பெயர் கொடுக்கவில்லை. நான் பேனாவை வாங்கி என் பெயரை எழுதினேன். அதன் கீழே, வராத என் கணவரின் பெயரையும் எழுதினேன். வேலு, த/பெ ராமசாமி. இன்னும் இரண்டு டின் அரிசிக்காக! அழகான கையெழுத்தில்!

கச்சேரியைப் பற்றி என்ன சொல்வேன்? ஆர்மோனியம், மிருதங்கம், தையல் போட்ட பட்டுச் சேலையில் மெலிந்த ஒரு பெண். அவள் வாயைத் திறந்ததும் அந்தக் கொட்டகையில் பசி இல்லை, போர் இல்லை. கோவிந்தனின் விரல்கள் முன்னிருக்கையின் முதுகில் தாளமிட்டுக்கொண்டே இருந்தன. ஒருமுறை என் பக்கம் திரும்பினார். கண்கள் நனைந்திருந்தன. “அஞ்சலைகிட்ட இத எப்படிச் சொல்றது டீச்சரம்மா?” என்றார்.

பாட்டு முடிந்தது. பாடகி யாரையும் நிமிர்ந்து பாராமல் உள்ளே போனாள். வாசலில் பெயர் வாங்கிய அதே கிராணி காகிதக் கட்டோடு மேடையேறினார்.

“பேரு கூப்பிடுறேன். ஆம்பளைங்க மட்டும் ஒவ்வொருத்தரா மேல வாங்க. அரிசிய வாங்கிக்கிட்டு பின்கதவு வழியா போங்க. பொம்பளைங்க அப்புறம்.”

தோட்டத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு நிற்கும்போது பெயர் கூப்பிடுவார்களே, அதே குரல். அதே இழுப்பு. ஆட்கள் பழகிய வாயால் “இருக்கேன்!” என்று எழுந்தார்கள், திரைக்குப் பின்னே மறைந்தார்கள். நான் ஓரத்து இருக்கையில் இருந்தேன். திரை ஒருமுறை விலகியது...

தரையில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். கைகள் தலைமேல். துப்பாக்கி முனைக் கத்தி ஒன்று வெயிலில் மின்னியது.

கோவிந்தனின் சட்டையைப் பற்றி இழுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன்... அதற்குள் அந்தக் குரல் அழைத்தது.

“வேலு! ராமசாமி மகன் வேலு!”

நீங்கள் தோட்டத்தில் வாழாதவராக இருந்தால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே தாமதமாக வருபவனுக்காக அவனுடைய பக்கத்து நிரைக்காரன் இருட்டில் குரல் கொடுப்பான். ஆறு ஆண்டுகள், என் கணவர் தூங்கிப்போன காலைகளிலெல்லாம், கோவிந்தன் அப்படித்தான் குரல் கொடுத்திருக்கிறார். நண்பனின் பெயருக்குப் பின் ஒரு மௌனம் நீள்வதை அவரால் பொறுக்க முடியாது.

“இருக்கேன்!” என்றார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு மேடையேறினார். வேலுவின் அரிசி வீணாகக் கூடாதல்லவா!

திரையருகில் போனதும் அவர் நின்றுவிட்டார். உள்ளே பார்த்துவிட்டார்.

“ஐயா... நான் வேலு இல்லீங்க. கோவிந்தன். லாரி ஆளு. பட்டை இருக்குங்க.”

“பட்டை எங்க?”

அவருடைய வலக்கை இடக்கையைத் தடவியது. வெறும் கை. அவர் என்னைத் தேடினார்.

“அந்தா... டீச்சரம்மா சொல்வாங்க. கேளுங்க!”

கிராணி என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சிப்பாயும் பார்த்தான். “நீங்கதானே எழுதிக் குடுத்தது? யாரும்மா இவன்?”

கோவிந்தன் என்று சொல்லியிருக்கலாம். ஓடிப்போய்ப் பட்டையைக் கொண்டுவந்து காட்டியிருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வி எனக்குக் கேட்டுவிட்டது: அப்படியானால் வேலு எங்கே? வேலு வெளியில், நூறு அடி தூரத்தில், இன்னொருவனின் பட்டையைக் கட்டிக்கொண்டு அடுப்பு விசிறிக்கொண்டிருக்கிறார்!

“இவர்தான் வேலு,” என்றேன். “என் வீட்டுக்காரர்.”

கோவிந்தன் சிரித்தார். ஆம், சிரித்தார். “விளையாடாதீங்க டீச்சரம்மா... சொல்லுங்க.”

கிராணி மறுபடியும் கேட்டார். “உண்மையைச் சொல்லுங்க. இவன் யாரு?”

முதல் முறை அச்சம் பேசியது என்று எனக்கு நானே பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் முறை? அப்போது யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. அவருடைய முகத்தை முழுதாகப் பார்த்தேன். நெற்றியில் கரிக்கோடு ஒன்று இருந்ததையும் பார்த்தேன்.

“என் வீட்டுக்காரர்தாங்க. பயத்துல ஏதோ உளறுறாரு.”

திரை மூடியது.

பெண்களை முன்கதவு வழியாக வெளியே விட்டார்கள். கையில் இரண்டு டின் அரிசியும் தந்தார்கள்... நான் அதை வாங்கிக்கொண்டேன்! லாரியருகில் என் கணவர் புகையில் இருமிக்கொண்டு நின்றார். “கோவிந்தன் எங்க?” என்றார். “பேரு கூப்பிட்டாங்க. எழுந்து போனாரு. பிடிச்சிட்டாங்க,” என்றேன். ஒரு சொல்லும் பொய்யில்லை, பாருங்கள்!

அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு, கோவிந்தன் என்ற பெயரில், என் கணவர் போர் முடியும்வரை அந்த லாரியில் உயிரோடிருந்தார். இரவல் பட்டை என்று அழுதுகொண்டே கட்டுவார். அவர் எதற்காக அழுகிறார் என்பது அவருக்கே முழுதும் தெரியாது.

போர் முடிந்து சிலர் திரும்பி வந்தார்கள். எங்கே யார் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டாலும் அஞ்சலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். துணைக்கு நான். செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர், எலும்பும் தோலுமாய், கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கோவிந்தன் என்று யாராவது, என்று அவள் கேட்டாள்.

“அப்படி ஒரு பேரே எங்க முகாமுல இல்லம்மா.”

“இல்லேன்னா வேற எங்கயோ நல்லா இருக்காரு!” என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் நான் தனியே போனேன். வேலு என்று யாராவது உண்டா என்று கேட்டேன்.

“வாளியத் தட்டிப் பாடுவாரே, அவரா? பேரு கூப்பிட்டா உடனே குரல் குடுக்க மாட்டாரு. கொஞ்சம் நின்னுதான் இருக்கேன்னுவாரு. அதுக்கே தினமும் அடி. பேதி வந்து போயிட்டாரு, நான்தான் மண்ணு தள்ளுனேன்... நீங்க அவரு சம்சாரமா?”

தலையசைத்தேன். அது மூன்றாம் முறை.

எனவே அஞ்சலைக்குக் கணவர் காணாமல் போனவர், சாகவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டுமானால், எந்தப் பெயரில் விசாரித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அவளுடைய மகளுக்கு எழுத்துக் கற்பித்தேன், திருமணத்துக்கு முன்னின்றேன். அவளோ ஆண்டுதோறும் கேட்பாள்: “அன்னிக்கு என்ன பாட்டு பாடினாங்க டீச்சரம்மா? இன்னொரு தடவ சொல்லுங்க.” நான் கச்சேரியை முதலிலிருந்து சொல்வேன். கிராணி மேடையேறும் இடத்தில் நிறுத்துவேன்.

சென்ற மாதம் என் கணவர் இறந்தார். பத்தாம் நாள் என் நெற்றிக் குங்குமத்தை அழிக்க விதவைப் பெண்களை அழைத்தார்கள். அஞ்சலை வெளியிலேயே நின்றாள். தலை முழுதும் நரைத்த பின்னும் நெற்றியில் வட்டமாகக் குங்குமம்.

“நான் உள்ள வரக் கூடாது டீச்சரம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு ஆளு இருக்காரே.”

எல்லாம் முடிந்து நான் வெளியே வந்தபோதும் வெயிலில் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“வேர்த்து வழியுது, அஞ்சலை. நெத்தியத் துடைச்சிக்கோ.”

அவள் முந்தானை நுனியால், குங்குமத்தின் மேல் பட்டுவிடாதபடி, அதைச் சுற்றி மெல்ல ஒற்றி எடுத்தாள்.