சரசரப்பு அக்காவின் கொட்டகைச் சாவி

பார்மசி கல்லூரியின் பின்பக்கம் குப்பை பிரிக்கும் கொட்டகை. பதினோரு வருடமாக அதன் சாவி துப்புரவுப் பணியாளரான இவள் இடுப்பில்தான் இருந்தது. எந்தப் பிளாஸ்டிக்கையும் காதருகே கசக்கிப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். மொறமொறவென்றால் ஒரு கூடை, சத்தமில்லாமல் குழைந்தால் வேறு கூடை. பிள்ளைகள் 'சரசரப்பு அக்கா' என்று பேர் வைத்தார்கள். இவளுக்கும் அதில் பெருமை தாங்காது. பழைய சாமான் கடைக்காரர் இவள் கட்டிய மூட்டையை அவிழ்த்துக்கூடப் பார்க்க மாட்டார், அவ்வளவு நம்பிக்கை.

மூன்றாம் வருடம் படிக்கும் கண்ணாடிக்காரி ஒருத்தி, பிளாஸ்டிக் மாசு பற்றி ஆய்வு என்று வந்து நின்றாள். முதல் நாள் மூக்கைப் பொத்தியவள், பத்தே நாளில் மாத்திரை அட்டையையும் மருந்துப் பையையும் காதால் பிரிக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். "அக்கா, நீங்க இல்லன்னா நான் அம்போதான்" என்பாள். இவளும் உருகிப்போய்த் தன் சாப்பாட்டில் பாதியை அவள் பக்கம் தள்ளுவாள்.

கடைசி நாள் கண்ணாடிக்காரி ஒரு கேள்வித்தாளை நீட்டினாள். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் எதைக் குறிக்கும், தெரியுமா, தெரியாதா? எல்லாம் அந்த மாதிரிக் கேள்விகள். இவள் உள்ளது உள்ளபடி 'தெரியாது' என்று குறித்தாள். எந்த வகைப் பிளாஸ்டிக் என்று காதே சொல்லும்போது எண் எதற்கு? மாணவர்களோ ஏறக்குறைய எல்லாரும் 'தெரியும்' என்று குறித்தார்கள். பாதிச் சாப்பாட்டோடு பையைக் கட்டி வீசுகிற அந்த மகாராசாக்களின் லட்சணம் இவளுக்கல்லவா தெரியும்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஒரு மாதம் கழித்து ஆய்வின் சுவரொட்டி வராந்தாவில் தொங்கியது. இவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். மாணவர்களின் விழிப்புணர்வு தொண்ணூற்றாறு சதவீதம். துப்புரவுப் பணியாளர்களின் விழிப்புணர்வு பூஜ்யம். பணியாளர்களாம்! கேட்டதே இவள் ஒருத்தியைத்தான். கூடைகளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அதோடு போயிருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பாள். கல்லூரி முதல்வர் அதைப் படித்துவிட்டு, இவள் பயிற்சி பெற்றுத் தேறும்வரை சாவி அலுவலகத்தில் இருக்கட்டும் என்று உத்தரவு போட்டார். பயிற்சி கொடுக்க வந்தவளும் கண்ணாடிக்காரிதான்.

முக்கோணத்தையும் எண்ணையும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள், இவள் முகத்தைப் பார்க்காமலே. பிறகு அதே கேள்வித்தாளை மறுபடி நீட்டினாள்.

"அக்கா, எல்லாத்துலயும் 'தெரியும்'னு போட்டுடுங்க. பூஜ்யத்துலேர்ந்து நூறுன்னு வந்தா ஆய்வுப் போட்டியில பரிசு எங்க குழுவுக்குத்தான். உங்களுக்கும் இன்னிக்கே சாவி வந்துடும்."

அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. அந்தப் பூஜ்யம் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்ததோடு நிற்காமல், அதிலேயே மறுபடி ஏற வந்திருக்கிறாள் கண்ணாடிக்காரி. இவள் பேனாவை வாங்கி, முதல் கேள்வியிலிருந்து கடைசிவரை 'தெரியாது' என்றே குறித்தாள்.

"ஐயோ அக்கா! இப்பத்தானே சொல்லிக் குடுத்தேன்? சாவி வேணாமா?"

"வேணும்தான்மா. எண்ணு தெரியாதுன்னு அன்னிக்கு நான் சொன்னது நிஜம். ஆனா எனக்கு வேலை தெரியும்னு உனக்குத் தெரியும்ல? உன் காதுல வெச்சுக் கசக்கிக் காட்டினவ நான்தானே? தெரிஞ்சே பூஜ்யம்னு எழுதினியே, அதத்தான் தாங்க முடியல."

இவள் தாளை அவள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள்.

வெளியே, பூட்டிய கொட்டகையின் கதவே மறையும் அளவுக்குப் பிரிக்காத மூட்டைகள் குவிந்து கிடந்தன. கை தன்னால் ஒரு பையை எடுத்துக் காதருகே கொண்டுபோனது. பாதியில் கீழே போட்டுவிட்டு, துடைப்பத்தோடு வராந்தா பெருக்கப் போனாள்.