கைக்கு இல்லை, சைக்கிளுக்கு

கல்பகம் அக்காவுக்கு ஒரு சைக்கிள் மீது பொறாமை. அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

செகந்திராபாத் லாலாகுடாவில் எங்கள் எதிர் வீடு அவருடையது. மதுரையில் பள்ளிக்கூடப் பை தைக்கும் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். திருநாவுக்கரசு அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அண்ணன் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், காஞ்சன்பாக்கில் வேலை.

கல்யாணமான புதிதில் வாங்கிய சின்னக் காரின் முன் சீட், ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுடையதாக இருந்தது. பிறகு அண்ணன் அந்தச் சைக்கிளை வாங்கினார். ஞாயிறு விடிந்ததும் அதன் முன் சக்கரத்தைக் கழற்றி, மெத்தை வைத்த பெரிய பைக்குள் இறக்கி, பின் சீட்டை மடக்கி அதைப் படுக்க வைப்பார். அப்படியும் நீளம் இடிக்கும். பக்கத்து சீட்டை டேஷ்போர்டு வரை தள்ளினால்தான் டிக்கி மூடும். மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு பூனை உட்காரலாம். அண்ணன் அனந்தகிரி மலையில் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டக் கிளம்பிவிடுவார். அக்கா கேட்டைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார்.

“அதுக்கு மெத்தை, எனக்கு பஸ்ஸு. தலைவலின்னா ‘மாத்திரை போடு’ம்பாரு. அதுல ஒரு கீறல் விழுந்தா மட்டும் மனுசனுக்குச் சோறு இறங்காது.”

ஒரு நாள் கேட்டார்: “அனந்தகிரியில என்னதான்டி இருக்கு?”

மரம், மேகம், ஒரு கோயில் என்றேன்.

“இந்த ஊருக்கு வந்து நான் ஒரு மலையைப் பாக்கலை. அது எட்டுத் தடவை பாத்துருச்சு.”

ஜூலையில் பெடல் குத்திப் பை கிழிந்தது. “நீதான் பை தைக்கிறவளாச்சே, ஒண்ணு தச்சுக் குடேன்” என்றார் அண்ணன். அக்கா உடனே ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியம். “ஆனா அளவு என் இஷ்டம்” என்றார். “ஹவ், ஹவ்” என்று இந்த ஊர் வழக்கில் ஆமாம் போட்டுத் தலையாட்டினார் அண்ணன்.

செகந்திராபாத் கடைத்தெருவில் ஃபோம் வாங்க அக்கா என்னையும் கூட்டிப் போனார், எனக்கு இந்தி வரும் என்பதற்காக. நான் வாய் திறப்பதற்குள் கடைக்காரர், “இத்னா ஃபோம் கைக்கு?” என்றார். இவ்வளவு எதற்கு என்று கேட்டார்.

“கைக்கு இல்லண்ணே, சைக்கிளுக்கு.”

அவர் புருவத்தைச் சுருக்கினார். “சைக்கிள்? கைக்கு?”

“ஹேண்டிலுக்கு மட்டும் இல்லண்ணே, முழு சைக்கிளுக்கும்!” அக்கா இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இங்கே ‘கைக்கு’ என்றால் ‘ஏன், எதுக்கு’ என்று பஸ்ஸில்தான் விளக்கினேன். அக்கா சிரிக்கவில்லை. “எங்க வீட்டுக்காரரும் அடிக்கடி சொல்லுவாரு. கையில எதுவோ கேக்குறார்னு நெனச்சு எத்தனை தடவை டீ குடுத்திருக்கேன்!”

மூன்று நாள் தைத்தார். சனிக்கிழமை மாலை அண்ணன், முன் சக்கரம் கழற்றிய சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டுப் பையை விரித்துப் பார்த்தார். நான் எங்கள் கேட்டருகில் நின்றிருந்தேன்.

“ஏய், சின்னதா இருக்கே! பின் சக்கரம் எங்க போகும்?”

“அதையும் கழட்டுங்க. ரெண்டு சக்கரத்துக்கும் தனித்தனி அறை வச்சிருக்கேன்.”

“நக்கோ கல்பகம், வேணாம், செயின் பூரா கிரீஸு. வாராவாரம் கழட்டி மாட்டுற வேலையா அது? ரெண்டையும் கழட்டணுமா, கைக்கு?”

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“கைக்கு இல்ல. எனக்கு.”

காரின் கதவைத் திறந்து, டேஷ்போர்டில் ஒட்டிக் கிடந்த சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். கால்களை நன்றாக நீட்டிக்கொண்டார். அண்ணன் பையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். என்னையும் ஒரு தரம் பார்த்தார். நான் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்தேன். பிறகு குனிந்து பின் சக்கரத்தைக் கழற்றினார். சைக்கிளை உள்ளே இறக்கியதும், பை சரியாக முன் சீட்டுகளுக்குப் பின்னால் அடங்கியது.

திங்கட்கிழமை மலை எப்படி என்று கேட்டேன்.

“மலைக்கென்ன, நல்லா இருந்துச்சு. ஆனா வழியில ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் இவரு இடது கை பின்னாடி போகுது. பையைப் பிடிக்கிறாராம். பக்கத்துல நான் ஒருத்தி குலுங்குறேன், எனக்கு ஒரு கை கிடையாது.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லலை. முறைச்சேன். திரும்பி வரும்போது கை பாதி வழியில நின்னுருச்சு. என் தோளுக்கும் வரலை, அதுக்கும் போகலை.”

“பரவாயில்லையேக்கா.”

“என்ன பரவாயில்லை? பாதிதானே!” என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஃபோமில் தன் சீட்டுக்கு ஒரு திண்டு வெட்டத் தொடங்கினார். சைக்கிளுக்கு வைத்ததைவிட இரண்டு மடங்கு கனமாக.